பார்ண்ஸ் முதல் ஆளா, இரண்டாம் ஆளா? – றப்ரர்ஸ் பற்றி நம் வீடுகளில் நடக்கும் வாதம்

ரொறன்ரோ றப்ரர்ஸ் கூடைப்பந்தாட்ட அணி 2025 ஒக்டோபரில் தனது 31ஆவது பருவகாலத்துக்குள் நுழைந்தது. 2024-25 பருவத்தில் ஆடிய 82 ஆட்டங்களில் அது வென்றது 30. அதற்கு முந்தைய பருவத்தில் 25. அப்போது, பிளே-ஓஃப் சுற்றில் இந்த அணி ஆடி மூன்று வருடங்கள் கடந்திருந்தன. ஆனாலும் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஏஜக்ஸிலும் நம்மவர் கூடும் இடங்களில், பிறந்தநாள் விழாவென்றாலும் அந்தியேட்டி வீடென்றாலும், இளையவர்கள் ஒதுங்கி நிற்கும் மூலையில் பேச்சு பெரும்பாலும் இந்த அணியைப் பற்றித்தான். வெல்லும் அணியைப் பற்றி அதிகம் பேச எதுவும் இல்லை. தோற்கும் அணியைப் பற்றி விடியும்வரை பேசலாம்.

கூடைப்பந்தாட்டம் நாம் ஊரிலிருந்து பெட்டியில் கட்டிக்கொண்டு வந்த விளையாட்டல்ல. வந்தவை துடுப்பாட்டமும் உதைபந்தாட்டமும். மகளிர் பாடசாலை மைதானங்களில் வலைப்பந்தாட்டம் இருந்தது. யாழ்ப்பாணத்தின் தர்ஜினி சிவலிங்கம் இலங்கை அணிக்காக உலகக் கிண்ணம் வரை சென்று ஆடியதை நாம் பெருமையோடு பார்த்தோம். இன்றும் பல அம்மம்மாக்களுக்கு வலைப்பந்தும் கூடைப்பந்தும் ஒன்றுதான். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடலாமா கூடாதா என்பதுதான் வேறுபாடு என்று பேரப்பிள்ளை விளக்க வேண்டியிருக்கிறது.

1995இல் றப்ரர்ஸ் தொடங்கியபோது, 83க்குப் பின்னர் வந்திறங்கிய குடும்பங்களில் பெரியவர்கள் இரண்டு வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஹொக்கி என்றால் சறுக்குக் காலணி, கவசம், அதிகாலை அரங்கக் கட்டணம் என்று செலவு நீளும். கூடைப்பந்துக்கு ஒரு பந்தும், அடுக்குமாடிக்குப் பின்னால் வளையம் மாட்டிய ஒரு கம்பமும் போதும். பிள்ளைகள் இந்த ஆட்டத்தைத் தாமாகவே கண்டுபிடித்தார்கள். தந்தை மகனுக்குச் சொல்லிக்கொடுக்காமல், மகன் தந்தைக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விளையாட்டு பல வீடுகளில் இதுதான். அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது முப்பதும் நாற்பதும் வயதாகிறது. அவர்களின் பிள்ளைகளுக்கு 2019 ஒரு கதை மட்டுமே.

அந்தக் கதையிலிருந்துதான் இன்றைய வாதங்கள் எல்லாமே கிளைவிடுகின்றன. 2018 ஜூலையில் அணியின் தலைவர் மசாய் உஜிரி, ஒன்பது பருவங்கள் ரொறன்ரோவுக்கு ஆடிய டிமார் டிறோசனைச் சான் அன்ரோனியோவுக்கு அனுப்பிவிட்டு, ஒப்பந்தத்தில் ஒரேயொரு வருடம் மீதமிருந்த கவாய் லெனார்டைக் கொண்டுவந்தார். 2019 மே 12 அன்று பிலடெல்பியாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தின் கடைசி நொடியில் கவாய் எறிந்த பந்து வளையத்தில் நான்கு தடவை துள்ளி உள்ளே விழுந்தது. ஜூன் 13 அன்று கோல்டன் ஸ்டேற் அணியை வென்று ரொறன்ரோ முதற்தடவையாகக் கிண்ணம் எடுத்தது.

நான்கு துள்ளல் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதனாலேயே "ஒரு பெரிய ஆள் இருந்தால் போதும்" என்ற முடிவுக்குப் பலர் வந்துவிட்டார்கள். கணக்கு வேறு கதை சொல்கிறது. அந்தப் பருவத்தின் வழமையான 82 ஆட்டங்களில் கவாய் ஆடியது 60தான். அவர் ஓய்வெடுத்த 22 ஆட்டங்களில் றப்ரர்ஸ் 17ஐ வென்றது. கிண்ணத்தை உறுதிசெய்த கடைசி ஆட்டத்தில் கைல் லௌரி 26 புள்ளிகள், பஸ்கால் சியாக்கம் 26, கவாய் 22, பிரெட் வான்விலீட் 22. இவர்களில் வான்விலீட்டை எந்த அணியும் புதுமுகத் தெரிவில் எடுக்கவேயில்லை. சியாக்கம் 27ஆவதாக எடுக்கப்பட்டவர். லெனார்ட் இல்லாமல் அந்தக் கிண்ணம் இல்லை, உண்மை. பிளே-ஓஃபில் சராசரி 30 புள்ளிகளுக்கு மேல் எடுத்தவர் அவர். ஆனால் அவர் வந்து சேர்ந்த இடம் வெறும் நிலமாக இருக்கவில்லை. அதற்கு முந்தைய பருவத்திலேயே 59 ஆட்டங்களை வென்ற அணி அது.

ஒரு மாதத்துக்குள் கவாய் லொஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்குப் போய்விட்டார். அவர் போன விதத்தின் விளைவு இன்னும் முடியவில்லை. தன்னோடு ஆட போல் ஜோர்ஜும் வேண்டும் என்று அவர் விரும்ப, கிளிப்பர்ஸ் ஜோர்ஜுக்கு விலையாக ஒக்லஹோமா சிற்றிக்கு ஒரு குவியல் புதுமுகத் தெரிவுகளையும், ஓர் இளைஞனையும் கொடுத்தது. அந்த இளைஞன் ரொறன்ரோவில் பிறந்து ஹமில்ரனில் வளர்ந்த ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர். கொடுத்த தெரிவுகளில் ஒன்றே பின்னர் ஜேலன் வில்லியம்ஸ் ஆனது. 2025 ஜூனில் இவர்கள் இருவரும் ஒக்லஹோமாவைக் கிண்ணம் எடுக்க வைத்தார்கள். ஷே அந்தப் பருவத்தின் மிகப் பெறுமதியான வீரர், இறுதிச் சுற்றின் மிகப் பெறுமதியான வீரர் இரண்டும் ஆனார். ஏழு ஆட்டம் வரை அவர்களை மறித்து நின்ற இண்டியானாவின் முன்னணியில் இருந்தவர் யார்? 2024 ஜனவரியில் றப்ரர்ஸ் விற்ற சியாக்கம்.

இந்த இறுதிச் சுற்றை ரொறன்ரோ இரசிகர்கள் பார்த்தது ஒருவிதமான சித்திரவதை என்றே சொல்ல வேண்டும். "விற்றிருக்கக் கூடாது" என்ற வாதம் அதன்பின் மீண்டும் கிளம்பியது. அதை உணர்ச்சியாக விட்டுவிடாமல், கொடுத்தது என்ன வாங்கியது என்ன என்று பார்ப்போம். சியாக்கமுக்காக இண்டியானா கொடுத்தவற்றில் முக்கியமானவை புரூஸ் பிறவுண் என்ற வீரரும், மூன்று முதற்சுற்றுப் புதுமுகத் தெரிவுகளும். ஒரு தெரிவில் ஜகோபே வோல்ற்றர் வந்தார். இன்னொன்று வேறொரு கைமாற்றில் யூற்றாவுக்குப் போயிற்று. 2026க்குரிய மூன்றாவது தெரிவையும் புரூஸ் பிறவுணையும் வேறு சிலவற்றோடு சேர்த்து 2025 பெப்ரவரியில் நியூ ஓர்லியன்ஸுக்குக் கொடுத்து, பிரண்டன் இங்கிரமை வாங்கினார்கள். சுருக்கினால், சியாக்கமைக் கொடுத்து ஓராண்டு சுற்றி வந்து வாங்கியது இங்கிரமும் வோல்ற்றரும்.

இப்படி எழுதிப் பார்த்தால் கேள்வி கூர்மையாகிறது. சியாக்கம் இண்டியானாவுடன் செய்த ஒப்பந்தம் நான்கு வருடம், 189 மில்லியன் அமெரிக்க டொலர். இங்கிரமுக்கு றப்ரர்ஸ் கொடுத்தது மூன்று வருடம், 120 மில்லியன். இங்கிரம் மூன்று வயது இளையவர், வருடச் சம்பளமும் குறைவு. ஆனால் சியாக்கம் பெரும்பாலும் ஆட்டத்தில் நிற்பவர். இங்கிரம் 2024-25 வரையான நான்கு பருவங்களில் ஆடியவை முறையே 55, 45, 64, 18. 328 ஆட்டங்களில் 182. கணுக்கால் காயத்தோடு ரொறன்ரோ வந்தவர், 2024-25 பருவத்தில் இந்த அணிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஆடினால் 22, 23 புள்ளிகள் சாதாரணமாக எடுப்பார் என்பதில் நமக்கு ஐயமில்லை. பதினைந்து, பதினெட்டு அடியிலிருந்து எழும்பி எறியும் அவருடைய எறிகை, பார்க்கவே அழகானது. எத்தனை இரவு அதைப் பார்க்கக் கிடைக்கும் என்பதுதான் பிரச்சினை.

சரி, பார்ண்ஸுக்கு வருவோம். வாதத்தில் உண்மையான வெப்பம் அங்கேதான் இருக்கிறது.

ஸ்கொட்டி பார்ண்ஸ் 2021இல் நான்காவது தெரிவாக வந்தவர். அது கோவிட் காரணமாக றப்ரர்ஸ் தம் சொந்த நகரில் ஆட முடியாமல், புளோரிடாவின் ராம்பாவில் அகதிபோல ஒரு பருவத்தைக் கழித்துவிட்டு வந்த நேரம். அந்த அலைச்சலில் தோற்றதன் பலனாகக் கிடைத்தவர் என்று அவரைச் சொல்லலாம். வந்த முதல் வருடமே சிறந்த புதுமுக வீரர் விருது. 2024இல் நட்சத்திர ஆட்டத்துக்குத் தெரிவு. 2023-24இல் சராசரியாக 19.9 புள்ளிகள், 8.2 றீபவுண்ட்கள், 6.1 உதவிகள். எதிரணியின் எந்த உயரத்து வீரரையும் தடுக்க வல்லவர். பந்து கையில் இருக்கும்போது மற்றவர் எங்கே ஓடுகிறார் என்பதை ஒரு நொடி முன்பே பார்த்துவிடுவார். சிறுவயதுப் பயிற்சியில் கொடுக்க முடியாத சாமான் அது.

இனி மறுபக்கம். மூன்று புள்ளி எறிகையில் அவர் 2023-24இல் 34.1 வீதம் போட்டார். 2024-25இல் அது 27.1 வீதமாக விழுந்தது. இது வெறும் அலங்காரக் குறை என்று சிலர் தள்ளிவிடுகிறார்கள். கூட்டிப் பாருங்கள். 27.1 வீதத்தில் நூறு தடவை எறிந்தால் 81 புள்ளிகள். கூடைக்கு அருகே பாதிக்குப் பாதி போடும் ஒருவர் நூறு தடவையில் நூறு புள்ளிகள் எடுப்பார். 34 வீதமென்றால் 102. அதாவது நூற்றில் ஏழு பந்து கூடுதலாக உள்ளே போவதா வெளியே போவதா என்பதில், அது எறிய வேண்டிய பந்தா எறியக் கூடாத பந்தா என்பதே மாறிவிடுகிறது.

புள்ளிகளைவிடப் பெரிய சேதம் வேறிடத்தில் நடக்கிறது. எறிந்தால் போகாது என்று தெரிந்தால், அவரைக் காவல் காக்கும் எதிரணி வீரர் அவரை விட்டு ஆறு, ஏழு அடி பின்வாங்கிக் கூடைக்கு முன்னால் போய் நிற்பார். அப்போது இங்கிரமோ பரெற்றோ உள்ளே புக நினைத்தால் வழி அடைபட்டிருக்கும். ஒருவருடைய குறை மற்ற நால்வருடைய இடத்தையும் சுருக்கிவிடும். தொலைக்காட்சியில் பந்தின் பின்னால் ஓடும் கண்ணுக்கு இது தெரியாது. பந்தில்லாத பக்கத்தைப் பார்க்கப் பழகியவர்களுக்கே தெரியும். 2024இல் கிண்ணம் எடுத்த பொஸ்ரன் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 42 மூன்று புள்ளி எறிகைகளுக்கு மேல் முயன்றது. அந்த ஆட்டமுறை பிடிக்கவில்லை என்று நம்மில் மூத்தவர்கள் முணுமுணுப்பதில் நியாயம் இருக்கிறது. நின்ற இடத்தில் நின்று எறிவதைப் பார்க்க அவ்வளவு சுவையில்லை. ஆனால் இன்றைய ஆட்டம் அந்த விசாலத்தில்தான் நடக்கிறது.

ஆகவே முதல் ஆளா, இரண்டாம் ஆளா? பார்ண்ஸ் இரண்டாம் ஆள் என்பது நமது கருத்து. அதைச் சொன்னதும் அவரைக் குறைத்துவிட்டதாகக் கோபிப்பவர்கள் பலர். கிண்ணம் எடுக்கும் அணியின் இரண்டாம் ஆள் என்பது இந்த உலகில் முப்பது பேருக்குக்கூடக் கிடைக்காத இடம். நேரம் முடியும்போது, எதிரே இருவர் வந்து மறிக்கும்போது, தானே ஓர் எறிகையை உருவாக்கிக் கொள்வது கவாயிடம் இருந்தது, ஷேயிடம் இருக்கிறது. பார்ண்ஸிடம் இன்னும் இல்லை. 2025 ஒக்டோபரில் அவருக்கு வயது 24. வரலாம். ஆனால் "வரலாம்" என்பதை நம்பி முதல் ஆளின் சம்பளத்தைக் கொடுத்தாயிற்று.

சம்பளம் என்றதும் பல வாதங்கள் நின்றுவிடுகின்றன. அங்கேதான் தொடங்க வேண்டும். 2025-26 பருவத்தில் பார்ண்ஸுக்கு ஏறத்தாழ 38.7 மில்லியன், இங்கிரமுக்கு 38.1, இம்மானுவல் குவிக்லிக்கு 32.5, மிசிசாகாவில் வளர்ந்த ஆர்.ஜே. பரெற்றுக்கு 27.7, யாக்கோப் பேர்ட்லுக்கு 19.5. ஐந்து பேருக்கு மட்டும் 156 மில்லியனுக்கு மேல். அத்தனையும் அமெரிக்க டொலரில் கொடுபடுவது. நுழைவுச்சீட்டு விற்று வருவதோ கனடிய டொலர். ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு 2025-26இல் லீக் வைத்திருந்த உச்சவரம்பு 154.6 மில்லியன். இது மீறக்கூடிய வரம்புதான், ஆனால் அந்தப் பருவத்தில் 187.9 மில்லியனைத் தாண்டினால் வரி, அதற்கு மேலும் தாண்டினால் வீரர்களை மாற்றிக்கொள்வதில் தடைகள். ஐந்து பேரே உச்சவரம்பை விழுங்கிவிட்ட நிலையில், மீதிப் பத்துப் பேரைச் சேர்க்கும்போது அணி வரிக்கோட்டின் விளிம்பில் வந்து நின்றது. 2019 அணியும் வரி கட்டிய அணிதான். அது கிண்ணத்துக்காகக் கட்டியது. 30 ஆட்டம் வென்ற அணிக்கு அதே செலவு என்றால், "இவனை எடுங்கோ, அவனை எடுங்கோ" என்று நாம் விருந்து மேசையில் அடுக்கும் பெயர்களில் பாதியைக் கணக்குப் புத்தகமே தடுத்துவிடும்.

இந்தக் கணக்குப் புத்தகத்தை எழுதிய உஜிரி 2025 ஜூன் மாதத்தோடு போய்விட்டார். 2013இலிருந்து பன்னிரண்டு வருடம். டிறோசனை விற்ற துணிவும் அவருடையது, அனுனோபி, சியாக்கம் இருவரையும் விற்கத் தாமதித்ததும், வான்விலீட் ஒரு பயனும் தராமல் ஹூஸ்ரனுக்குப் போகும்வரை காத்திருந்ததும் அவருடையதே. அவர் விட்டுச்சென்றதை வைத்துக் குடித்தனம் நடத்த வேண்டியவர் பொபி வெப்ஸ்ரர்.

அடுத்த வாதம் "தோற்றுத் தோற்று மேலே வருவோம்" என்பது. 2024-25 பருவத்தின் இறுதி வாரங்களில், ஆட்டம் நெருக்கமாகும் நான்காம் கால்பகுதியில் முன்னணி வீரர்கள் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு இருக்கையில் இருந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். குறைய வென்றால் புதுமுகத் தெரிவில் முன்னுக்கு வரலாம் என்ற எண்ணம். லீக்கின் 2025 குலுக்கலில் கடைசி மூன்று இடத்து அணிகளுக்கும் முதற் தெரிவுக்கான வாய்ப்பு தலா 14 வீதமாகவே இருந்தது. கீழிருந்து ஏழாவதாக முடித்த றப்ரர்ஸ், குலுக்கலில் ஒன்பதாவது இடத்துக்குத் தள்ளப்பட்டது. வெறும் 1.8 வீத வாய்ப்பு வைத்திருந்த டலஸ் முதலிடம் பெற்று, கூப்பர் ஃபிளாக்கைக் கொண்டுபோனது. ஒன்பதாவதாகக் கிடைத்த கொலின் மறி-பொயில்ஸ் நல்ல தடுப்பாட்டக்காரர். அவரும் தூரத்திலிருந்து எறிவதில் பெயர் எடுத்தவரல்ல என்பதால், மேலே சொன்ன இட நெருக்கடி இன்னும் இறுகுகிறது. சிறுபிள்ளையோடு இருந்து ஆட்டம் பார்க்கும் பெற்றோருக்கு, "ஏன் அப்பா, நல்லாய் விளையாடுறவர் ஏன் இருக்கிறார்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது எளிதாயிருக்கவில்லை.

விட்டுப் போனவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வின்ஸ் காட்டர் 2004 டிசம்பரில் நியூ ஜேர்சிக்குப் போனபின், அவர் திரும்பி ஆட வரும் ஒவ்வொரு தடவையும் அரங்கம் பல வருடங்கள் கூச்சலிட்டது. 2024 நவம்பர் 2 அன்று அதே அரங்கத்தில் அவருடைய 15ஆம் இலக்கச் சட்டை மேலே ஏற்றப்பட்டபோது கூட்டம் எழுந்து நின்றது. றப்ரர்ஸ் வரலாற்றில் அப்படி ஏற்றப்பட்ட முதற் சட்டை அது. அன்று நம் வீடுகளில் நடந்த சண்டை, மன்னிக்கலாமா கூடாதா என்பது. விட்டு வந்தவர்களாகிய நாம் விட்டுப் போனவர்களைப் பற்றி இவ்வளவு சூடாகப் பேசுவதற்கு என்ன காரணம் என்று வெளியார் கேட்டால் சொல்லி விளங்க வைக்க முடியாது. 2023இல் றப்ரர்ஸின் பருவத்தை முடித்துவைத்த சிக்காகோ அணியில் டிறோசன் நின்றார். அன்று றப்ரர்ஸ் 36 இலவச எறிகைகளில் 18ஐத் தவறவிட்டு, நான்கு புள்ளிகளால் தோற்றது. அதில் டிறோசனைக் குறைசொன்ன ஒருவரையும் நாம் காணவில்லை. போனவருக்கும் அனுப்பப்பட்டவருக்கும் உள்ள வேறுபாடு எல்லோருக்கும் தெரிந்தே இருக்கிறது.

இதுவரை சொன்னவை, அணியை நேசிப்பவர்கள் போடும் சண்டைகள். அண்மைய காலமாக வேறொரு பேச்சு இவற்றுக்கு இடையே நுழைந்திருக்கிறது. "பார்ண்ஸ் இன்று எட்டு றீபவுண்டுக்கு மேலே எடுப்பாரா, கீழேயா?" கேட்பவர் இளைஞர். கையில் தொலைபேசி. அவருக்கு றப்ரர்ஸ் வெல்வதும் தோற்பதும் இரண்டாம்பட்சம்.

2021 ஓகஸ்ட் வரை கனடாவில் ஒரு தனி ஆட்டத்தின் மீது சட்டப்படி பந்தயம் கட்ட முடியாது. பல ஆட்டங்களைச் சேர்த்து, மாகாண லொத்தர் மூலமே கட்டலாம். சட்டம் மாறியது. 2022 ஏப்ரல் 4இலிருந்து ஒன்ராறியோவில் தனியார் பந்தய நிறுவனங்கள் இணையத்தில் நடத்த அனுமதி வந்தது. அன்றிலிருந்து ஆட்டத்தின் இடைவேளை, அரங்கச் சுவர், ஆய்வாளர்களின் பேச்சு எல்லாவற்றிலும் பந்தயம்தான். விளையாட்டு வீரர்களை இந்த விளம்பரங்களில் காட்டுவதற்கு 2024 பெப்ரவரி இறுதியிலிருந்து மாகாணம் தடை போட்டது. விளம்பரம் நிற்கவில்லை.

நம் பிள்ளைகள் ஆட்டத்தை நன்றாகப் புரிந்தவர்கள். அதுவே அவர்களுக்குப் பொறி. பார்ண்ஸின் எறிகையைப் பற்றி இவ்வளவு தெரிந்தவனுக்கு, அந்த அறிவைக் காசாக்கலாம் என்று தோன்றுவது இயல்பு. பந்தய நிறுவனம் சம வாய்ப்புள்ள ஒன்றுக்குப் பெரும்பாலும் கொடுக்கும் விலை, பத்து டொலருக்குத் திரும்ப 19 டொலர் 10 சதம் போன்றது. இழக்காமல் தப்பவே நூற்றுக்கு 52 தடவைக்கு மேல் சரியாகச் சொல்ல வேண்டும். அவர்கள் அதிகம் தூக்கிப் பிடிப்பது நாலைந்தைக் கோர்த்துக் கட்டும் பந்தயத்தை. பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள நான்கைக் கோர்த்தால், நான்கும் சரிவருவது பதினாறில் ஒரு தடவை. மூன்று சரி வந்து நாலாவது தவறியவன் "மயிரிழையில் போயிற்று" என்று அடுத்த இரவும் கட்டுகிறான்.

இந்த நோய் அணிக்குள்ளேயே வந்து போனது. றப்ரர்ஸின் மாற்று வீரர் ஜொன்ரே போர்ட்டர், 2024 ஜனவரி 26, மார்ச் 20 ஆகிய இரு ஆட்டங்களில் கண் நோவு, சுகமில்லை என்று சில நிமிடங்களிலேயே வெளியேறினார். அவர் குறைவாகப் புள்ளி எடுப்பார் என்று முன்கூட்டியே அறிந்தவர்கள் பந்தயம் கட்டியிருந்தார்கள். மார்ச் ஆட்டத்தில் ஒருவர் கட்டிய 80,000 டொலர், வென்றிருந்தால் 1.1 மில்லியன் ஆகியிருக்கும். ஏப்ரல் 17 அன்று லீக் அவருக்கு ஆயுள் தடை விதித்தது. ஜூலையில் நியூயோர்க் நீதிமன்றத்தில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது சொன்ன காரணம், தன்னுடைய சூதாட்டக் கடனிலிருந்து வெளியேறவே இதைச் செய்தேன் என்பது. லீக்கில் ஆடி, மில்லியன்கள் புழங்கும் அறையில் உடை மாற்றிய ஒருவருக்கே கடன் கழுத்தை நெரித்திருக்கிறது.

நம் சமூகத்தில் கடன் பற்றி வீட்டுக்குள் பேசுவதே கடினம். பந்தயக் கடன் என்றால் அறவே இல்லை. சாராயமென்றால் மணம் காட்டிக்கொடுக்கும், இதற்கு மணமில்லை. பிள்ளை ஆட்டத்தைப் பார்க்கும்போது ஓர் அணியின் பக்கம் நிற்காமல் ஒரு தனி வீரரின் எண்ணிக்கையைப் பார்த்துக் குமுறினால், பெற்றோர் சும்மா ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். தன்னைத் தானே தடைசெய்துகொள்ளும் வசதி ஒன்ராறியோவில் அனுமதி பெற்ற ஒவ்வொரு தளத்திலும் உண்டு.

இனி 2025-26 பருவம். அது தொடங்கும்போது, கிழக்குப் பிரிவு அதற்கு முன் பல வருடங்களாக இவ்வளவு திறந்து கிடந்ததில்லை. பொஸ்ரனின் ஜேசன் ரேற்றம், இண்டியானாவின் ரைறீஸ் ஹலிபேர்ட்டன் இருவரும் 2025 பிளே-ஓஃபில் குதிநாண் அறுந்து வெளியே இருந்தார்கள். மில்வோக்கி, அதே காயம் பட்ட டேமியன் லிலார்டை விட்டுவிட்டது. கிளிவ்லண்ட், நியூயோர்க், ஒர்லாண்டோ மேலே இருக்கும் என்பது அப்போதைய எதிர்பார்ப்பு. அதன் கீழே ஏழெட்டு அணிகள் ஒரே மட்டத்தில். டார்க்கோ ராயாகோவிச்சின் பயிற்சியில் 2024-25 பருவத்தின் பிற்பாதியில் றப்ரர்ஸின் தடுப்பாட்டம் கவனிக்கத்தக்கவாறு உயர்ந்தது. அதில் ஒரு பகுதி பலவீனமான எதிரணிகளின் கொடை என்றாலும், முழுவதும் அல்ல. இங்கிரம் அறுபது ஆட்டம் ஆடினால், 2024-25 பருவத்தில் 33 மட்டுமே ஆடிய குவிக்லியும் நின்று பிடித்தால், நாற்பது வெற்றிக்கு அண்மையில் வந்து முடிப்பார்கள் என்பது பருவம் தொடங்கும்போது நமது கணிப்பு. இருவரில் ஒருவர் விழுந்தாலும் முப்பத்தைந்து. கிண்ணம் என்று பேசுவோர் அடுத்த கோடைக்கு வாருங்கள்.

2025 ஒக்டோபர் 22 அன்று அற்லாண்டாவில் முதலாட்டம் நடந்தது. 24 அன்று மில்வோக்கிக்கு எதிராகச் சொந்த மண்ணில். புள்ளிப்பட்டியலை அடுத்த நாள் காலையில் யாரும் பார்க்கலாம். ஆட்டம் நடக்கும்போது பார்க்க வேண்டியது, பார்ண்ஸ் பந்தில்லாமல் மூலையில் நிற்கையில் அவரைக் காப்பவர் எத்தனை அடி தள்ளி நிற்கிறார் என்பதை.